வாயிலுக்கு உள்ளே இருக்கும் சாலை யாருடையது?

இரவு பதினொன்றரை மணி. குடியிருப்பு வளாகத்தின் கடைசி வீட்டில் முதியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் விரைவாகவே வாயிலை அடைந்துவிடுகிறது. ஆனால் உள்ளே இரண்டாவது திருப்பத்தில் ஒரு கார் வழியை அடைத்து நிற்கிறது. அது யாருடையது என்று காவலருக்குத் தெரியவில்லை. விருந்தினர் எவரோ நிறுத்திச் சென்றிருக்கலாம். வீடுதோறும் அழைத்துக் கேட்கிறார்கள். இறுதியில் தூக்குப்படுக்கையைச் சுமந்துகொண்டு இருநூறு மீட்டர் நடந்தே செல்ல வேண்டியதாகிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆயினும் சுற்றுச்சுவரும் வாயிற்கதவும் உடைய எந்தக் குடியிருப்பிலும் இது நிகழக்கூடும் என்பதை நம் வாசகர்களில் பலர் அறிவர். நகராட்சிச் சாலையில் வழி அடைபட்டால் போக்குவரத்துக் காவலரை அழைக்கலாம். குழி விழுந்தால் மாமன்ற உறுப்பினரிடம் முறையிடலாம். வாயிலுக்கு உள்ளே உள்ள சாலையில் அவ்வசதி இல்லை. அங்கே மாநகராட்சியும் நாமே, போக்குவரத்துக் காவலரும் நாமே, செலவுக்குப் பொறுப்பானவர்களும் நாமே. வீட்டுக்கடன் தவணையை ஒழுங்காகச் செலுத்தி ஒரு சொத்தை உருவாக்கும் நாம், அச்சொத்தின் பகுதியாகிய உள்சாலையையும் வாகன நிறுத்துமிடத்தையும் எவ்வாறு பேணுவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதற்கேள்வி: உரிமை யாரிடம்?

உள்சாலைகள் யாவும் தனியார் சாலைகள் அல்ல. மனைப்பிரிவாக அங்கீகாரம் பெற்ற இடங்களில் சாலைகளைத் தானப்பத்திரம் அல்லது ஒப்படைப்புப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சி அமைப்புக்கு அளித்துவிடுவது பல மாநிலங்களில் அங்கீகாரத்தின் நிபந்தனையாகும். அவ்வாறு அளிக்கப்பட்ட சாலை, வாயிற்கதவும் காவலர் அறையும் இருந்தாலும், பொதுச்சாலையே. அதில் வெளியார் செல்வதைத் தடுக்கவோ, கட்டணம் பெறவோ, நிறுத்துமிடங்களைப் பங்கிடவோ குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரமில்லை. மறுபுறம், அச்சாலையைச் செப்பனிடும் பொறுப்பும் உள்ளாட்சி அமைப்பையே சாரும். பொதுச்சாலைக்கு வரியும் செலுத்திவிட்டு, அதையே தம் பணத்தில் மீண்டும் போடும் சங்கங்களும் உள்ளன. பத்திரத்தைப் படித்துப் பார்த்திருந்தால் அச்செலவைத் தவிர்த்திருக்கலாம்.

அடுக்குமாடி வளாகங்களில் நிலைமை வேறு. 2016ஆம் ஆண்டின் நிலைச்சொத்து (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், அதாவது நாம் வழக்கமாக ‘ரெரா’ என்று குறிப்பிடும் சட்டம், திட்டத்தின் முழு நிலத்தையும் ‘பொதுவிடங்கள்’ என்ற வரையறைக்குள் கொண்டுவருகிறது. திறந்தவெளி வாகன நிறுத்துமிடங்களும் அதில் அடங்கும். இப்பொதுவிடங்களின் பிரிபடாத உரிமையை ஒதுக்கீட்டாளர்களின் சங்கத்துக்கு மாற்றித் தரவேண்டியது கட்டுமான நிறுவனத்தின் கடமை என்கிறது சட்டத்தின் 17ஆவது பிரிவு. மாநிலச் சட்டம் வேறு கால அளவைக் குறிப்பிடாதபோது, குடிபுகல் சான்று கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் இது நிறைவேற வேண்டும்.

வீட்டுக்கடன் மனுக்களோடு வரும் ஆவணங்களைப் பார்வையிடும்போது நாங்கள் காண்பது என்னவெனில், வாங்குவோர் தம் வீட்டின் சதுர அடியை எண்ணிப் பார்க்கும் அளவுக்குப் பொதுவிடத்தின் நிலையை விசாரிப்பதில்லை. சங்கம் பொறுப்பேற்கும்போது கீழ்க்காணும் ஆவணங்களை எழுத்துமூலம் கேட்டுப் பெறுவது நலம்: அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், பணிநிறைவுச் சான்று, குடிபுகல் சான்று, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, மழைநீர் வடிகால், கழிவுநீர்க் குழாய், மின்வடம் ஆகியவை சாலைக்கு அடியில் செல்லும் தடங்களைக் காட்டும் வரைபடங்கள். இறுதியாகச் சொன்ன வரைபடங்கள் இல்லாவிடில், குழாய் ஒன்று கசியும்போது சாலையை எங்கே தோண்டுவது என்பதே தெரியாமற்போகும்.

பொறுப்பேற்ற பின்னும் ஒரு பாதுகாப்பு உண்டு. கட்டமைப்பிலோ, வேலைத்தரத்திலோ, ஒப்பந்தப்படி அளிக்கவேண்டிய சேவைகளிலோ குறை இருப்பது, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கப்பட்டால், கட்டுமான நிறுவனம் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 14ஆவது பிரிவு. முதல் மழைக்காலத்திலேயே உள்வாங்கும் சாலையைச் சங்கத்தின் பணத்தில் ஒட்டுப்போடுவதற்கு முன், புகைப்படங்களுடன் ஒரு பதிவுத் தபால் அனுப்புவதே அறிவுடைமை.

‘என் நிறுத்துமிடம்’ என்பது எந்த அளவுக்கு என்னுடையது?

வளாகங்களில் எழும் பூசல்களுக்கு முதன்மையான காரணம் வாகன நிறுத்துமிடமே. இதில் அடிப்படையான தீர்ப்பு ஒன்றை நாம் அறிந்திருக்க வேண்டும். நஹால்சந்த் லாலுசந்த் நிறுவனத்துக்கும் பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கும் இடையிலான வழக்கில், 2010 ஆகஸ்டு 31 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மகாராஷ்டிரத்தின் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கட்டடத்தின் தூண்தளத்திலோ திறந்தவெளியிலோ உள்ள நிறுத்துமிடத்தைத் தனி வீடு போலக் கருதிக் கட்டுமான நிறுவனம் விற்க இயலாது. அவை பொதுவிடங்களே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பின்னர் வந்த ரெரா சட்டம் இதை மேலும் தெளிவாக்கியது. மேற்கூரையும் மூன்று புறமும் சுவரும் உடைய இடமே ‘கராஜ்’ எனப்படும். அடைப்பற்ற, கூரையற்ற நிறுத்துமிடம் அவ்வரையறைக்குள் வாராது. எனவே திறந்தவெளி நிறுத்துமிடத்துக்கு எவரேனும் தனி விலை கேட்டால், அது எதற்கான விலை என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. கூரையிட்ட பிற இடங்களைப் பொறுத்தவரை, மாநில விதிகளும் விற்பனை ஒப்பந்தமும் என்ன சொல்கின்றன என்பதைப் பார்க்க வேண்டும். மகாராஷ்டிர ஒழுங்குமுறை ஆணையம், கூரையிட்ட நிறுத்துமிடத்தின் நீளம், அகலம், உயரம், அமைவிடம் ஆகியவற்றை ஒப்பந்தத்தின் இணைப்பில் குறிப்பிட வேண்டும் என்று 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. வேறு மாநிலங்களில் வீடு வாங்குவோரும் இவ்விவரங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ‘ஒரு கார் நிறுத்துமிடம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அது தூணுக்கும் சுவருக்கும் இடையே கதவைத் திறக்கவியலாத மூலையாகவும் இருக்கக்கூடும்.

சுருங்கச் சொன்னால், பெரும்பாலான வளாகங்களில் நமக்கு இருப்பது அவ்விடத்தைப் பயன்படுத்தும் உரிமையே. அதை வெளியாருக்கு விற்கவோ, கடை வைக்கவோ, கம்பி வேலியிட்டுப் பழைய பொருட்களை அடுக்கவோ அவ்வுரிமை இடந்தராது.

பங்கீடு: விதி முதலில், பெயர் பின்னர்

நிறுத்துமிடங்கள் போதுமான அளவில் இருந்தால் பிரச்சினையே இல்லை. போதாதபோதுதான் விதி தேவைப்படுகிறது. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். 120 வீடுகள் உள்ள வளாகத்தில் 140 இடங்கள் இருக்கின்றன. விருந்தினருக்கு 8, மாற்றுத்திறனாளிகளுக்கு 2 என ஒதுக்கினால் எஞ்சுவது 130. வீட்டுக்கு ஒன்று வீதம் 120 போக, மீதம் 10. ஆனால் இரண்டாவது கார் வைத்திருக்கும் குடும்பங்கள் 34.

இந்த 10 இடங்களை யாருக்குக் கொடுப்பது? முதலில் குடிவந்தவருக்கு என்றால், பின்னர் வந்தவர் ஒருநாளும் பெறமாட்டார். அதிகக் கட்டணம் தருபவருக்கு என்றால், பொதுவிடம் ஏலப்பொருளாகிவிடும். மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரித் துணைவிதிகள், இடம் போதாதபோது ஆண்டுதோறும் குலுக்கல் முறையில் ஒதுக்க வழிகாட்டுகின்றன. எளிமையும் நேர்மையும் ஒருங்கே உள்ள முறை இது. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் சீட்டெடுக்கலாம். கார் இல்லாத குடும்பம் தன் இடத்தை அவ்வாண்டுக்குச் சங்கத்திடம் ஒப்படைத்தால், அதன் பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைக்கலாம். இரண்டாவது காருக்குக் கூடுதல் கட்டணம் பெற்று அத்தொகையைச் சாலை நிதியில் சேர்க்கலாம்.

இங்கே முறை முக்கியம். விதியை முதலில் பொதுக்கூட்டத்தில் நிறைவேற்ற வேண்டும். யாருக்கு எந்த எண் என்பது அதன் பின்னரே முடிவாக வேண்டும். பெயர்கள் தெரிந்த பின் விதி எழுதினால், அது எவ்வளவு நேர்மையானதாயினும் ஐயத்துக்கு இடமளிக்கும். வாடகைக்குக் குடியிருப்போரையும் மறக்கலாகாது. உரிமையாளருக்கு ஒதுக்கிய இடத்தை வாடகைதாரர் பயன்படுத்தலாமா என்பதைத் துணைவிதியிலும் வாடகை ஒப்பந்தத்திலும் எழுதிவிட்டால் பாதிப் பூசல் குறையும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் 3.6 மீட்டர் அகலமும், மின்தூக்கிக்கு அருகில் படியற்ற வழியும் உடையதாக இருக்க வேண்டும். சக்கர நாற்காலியைக் காருக்கு அருகே விரிக்க அந்த அகலம் தேவை. மின்வாகனங்களுக்கும் இப்போதே திட்டமிட வேண்டும். மைய அரசு 2019இல் மாதிரிக் கட்டட விதிகளில் செய்த திருத்தம், புதிய கட்டடங்களின் வாகனக் கொள்ளளவில் 20 விழுக்காட்டை மின்னேற்ற வசதிக்குத் திட்டமிடப் பரிந்துரைக்கிறது. பழைய வளாகங்களில் ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து கம்பி இழுப்பது தீவிபத்துக்கு வழிவகுக்கும். மின்வாரியத்திடம் மின்பளு கூட்டிக் கேட்டு, தனி மீட்டருடன் பொதுவான ஏற்பாட்டைச் செய்வதே பாதுகாப்பானது.

ஆறு மீட்டர் கணக்கு

தேசியக் கட்டட நெறிமுறை, உயர்ந்த கட்டடங்களைச் சுற்றித் தீயணைப்பு வாகனம் செல்லக் குறைந்தது 6 மீட்டர் அகலமான வழி இருக்க வேண்டும் என்றும், அத்தளம் 45 டன் எடையைத் தாங்க வேண்டும் என்றும் கூறுகிறது. கார் ஒன்றின் அகலம் ஏறத்தாழ 1.75 மீட்டர். ஆறு மீட்டர்ச் சாலையின் இருபுறமும் கார்கள் நின்றால், சுவரை ஒட்டியே நிறுத்தினாலும், எஞ்சுவது 2.5 மீட்டர். பெரிய வாகனங்களுக்கு மோட்டார் வாகன விதிகள் அனுமதிக்கும் அகலமோ 2.6 மீட்டர். இக்கணக்கைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதிவைத்தால், ‘ஓரமாகத்தானே நிறுத்தினேன்’ என்ற விடைக்கு இடமிராது.

தீயணைப்பு வழியைச் சாலையிலேயே மஞ்சள் வண்ணத்தால் குறித்து, அங்கே எவ்வாகனமும் எந்நேரமும் நிற்கலாகாது என்று அறிவிப்பது முதற்பணி. விருந்தினர் வாகனம் உள்ளே வரும்போது, வீட்டு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் எழுதிய அட்டையை முன்கண்ணாடியில் வைக்கச் செய்வது இரண்டாவது. இதற்கு ஆகும் செலவு ஒரு கட்டு அட்டைகளின் விலைதான்.

வேகமும் கவனத்துக்குரியது. உள்சாலையில் குழந்தைகள் விளையாடுவர், முதியோர் நடப்பர். வேகத்தடை அமைக்க விரும்பினால், இந்தியச் சாலைக் குழுமம் பரிந்துரைக்கும் அளவு 10 சென்டிமீட்டர் உயரமும் 3.7 மீட்டர் அகலமும் ஆகும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அதை இயல்பாகக் கடக்கலாம். குறுகிய, செங்குத்தான மேடுகள் ஆம்புலன்சில் படுத்திருக்கும் நோயாளிக்கும் கர்ப்பிணிகளுக்கும் துன்பம் தருபவை. வண்ணமும் இரவில் ஒளிரும் குறியும் இல்லாத வேகத்தடை இருசக்கர வாகனத்தில் வருபவருக்கு ஆபத்தாகும்.

‘வளாகத்துக்குள்தானே’ என்று பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தில் ‘பொதுவிடம்’ என்பது பொதுமக்களுக்குச் செல்லும் உரிமையுள்ள எந்த இடத்தையும் குறிக்கும். நம் சாலை அவ்வரையறைக்குள் வருமா என்ற கேள்வி பெரும்பாலும் விபத்து நேர்ந்த பின்னரே நீதிமன்றத்தில் எழும். சிறுவர் பொதுவிடத்தில் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் விதிக்கலாம். சட்டம் எவ்வாறாயினும், அடிபடும் குழந்தைக்கு அச்சாலை பொதுவா தனியாரா என்ற வேறுபாடு இல்லை.

மாதம் 125 ரூபாயா, ஒரே நாளில் 12,000 ரூபாயா?

சாலை தேயும், இது உறுதி. எப்போது பணம் சேர்ப்பது என்பதே நம் கையில் உள்ளது. அதே 120 வீட்டு வளாகத்தில் 400 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள சாலை இருப்பதாகக் கொள்வோம். பரப்பு 2,400 சதுர மீட்டர். மறுதளம் போட, கணக்கின் பொருட்டு, சதுர மீட்டருக்கு ரூ.600 ஆகுமெனில் மொத்தம் ரூ.14,40,000. எட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இப்பணி தேவைப்படுமெனில், ஆண்டுக்கு ரூ.1,80,000, வீட்டுக்கு ஆண்டுக்கு ரூ.1,500, மாதத்துக்கு ரூ.125. சேமிக்காமல் எட்டாம் ஆண்டில் வசூலிக்க நேர்ந்தால், இன்றைய விலையிலேயே வீட்டுக்கு ரூ.12,000 ஒரே நேரத்தில் கேட்க வேண்டும். அப்போது சிலர் தருவர், சிலர் மறுப்பர், பணி நிற்கும். நேற்று வீடு வாங்கியவர், எட்டு ஆண்டுத் தேய்மானத்துக்கும் தாமே பணம் தரவேண்டுமா என்று கேட்பதிலும் நியாயம் உண்டு.

விலைவாசி உயர்வதால் மாதப் பங்கையும் ஆண்டுதோறும் சிறிது உயர்த்த வேண்டும். இவ்வாறு சேரும் தொகையை அன்றாடச் செலவுக் கணக்கோடு கலக்காமல், சங்கத்தின் பெயரில் தனி வைப்புத்தொகையாக வைப்பது நலம். காவலர் ஊதியத்துக்கும் தண்ணீர் லாரிக்கும் பணம் எடுக்கும் கணக்கிலேயே சாலை நிதியும் இருந்தால், அது சாலையைச் சென்றடையாது.

வங்கிக் கணக்கைப் பொறுத்தவரை மூன்று குறிப்புகள். ஒன்று, பதிவுபெற்ற சங்கத்தின் பெயரிலும் அதன் பான் எண்ணிலுமே கணக்கு இருக்க வேண்டும்; பொருளாளரின் தனிப்பட்ட கணக்கில் சில மாதங்கள் வைத்திருப்பதும் தவறு. இரண்டு, இருவர் கூட்டாகக் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் எடுக்கும்படி அறிவுறுத்தலாம். மூன்று, புதிய நிர்வாகக் குழு தேர்ந்தெடுக்கப்பட்டதும் தீர்மானத்தின் நகலையும் புதியவர்களின் அடையாள ஆவணங்களையும் உடனே கிளையில் அளிக்க வேண்டும். ஊர் மாறிச்சென்ற பழைய செயலாளரின் கையொப்பத்துக்காகக் காசோலை காத்திருப்பதைக் கிளைகளில் நாங்கள் காண்கிறோம்.

வரி பற்றியும் ஒரு சொல். உறுப்பினர்கள் தமக்குள் திரட்டித் தமக்கே செலவிடும் தொகை, பரஸ்பரக் கோட்பாட்டின்படி வருமானமாகக் கருதப்படுவதில்லை. ஆனால் வங்கி வைப்புத்தொகைக்குக் கிடைக்கும் வட்டிக்கு அக்கோட்பாடு பொருந்தாது என்று பெங்களூர் கிளப் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. நிறுத்துமிடத்தை வெளியாருக்கு வாடகைக்கு விட்டுப் பெறும் தொகையும் வருமானக் கணக்கில் வரும். பராமரிப்புக் கட்டணம் உறுப்பினருக்கு மாதம் ரூ.7,500ஐத் தாண்டும் வளாகங்கள், ஜி.எஸ்.டி. குறித்துத் தம் தணிக்கையாளரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.

விதியை மீறினால்

விதியை மீறியவரின் சக்கரத்தைப் பூட்டுவதும், காற்றைப் பிடுங்குவதும், குடிநீரையோ மின்சாரத்தையோ துண்டிப்பதும் சங்கத்தையே சட்டச் சிக்கலில் தள்ளிவிடும். முதல் முறை நேரில் எடுத்துரைத்தல். அடுத்து எழுத்துமூல அறிவிப்பு. மூன்றாவதாகத் துணைவிதியில் முன்கூட்டியே குறிப்பிட்ட அபராதம். அதன் பின்னரும் பயனில்லையெனில் பதிவாளரையோ உரிய நீதிமன்றத்தையோ நாடுதல் என்ற வரிசையே பொருத்தமானது. நிர்வாகக் குழு உறுப்பினரின் வாகனமாயினும் அபராதம் ஒன்றே என்பதை முதல் நாளிலேயே நிலைநாட்டினால், பிறகு வாதம் குறையும்.

பராமரிப்புப் பாக்கி வைத்திருப்போர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் அடுக்ககச் சட்டங்களில், செலுத்தப்படாத பொதுச்செலவு அவ்வீட்டின் மீதே பொறுப்பாக ஏறும். வீட்டை விற்கும்போது சங்கத்தின் பாக்கியின்மைச் சான்று கேட்கப்படுவது இதனால்தான். பழைய வீடு வாங்குவோர், வில்லங்கச் சான்றுடன் இச்சான்றையும் கேட்டுப் பெற வேண்டும்.

இம்மாதமே செய்யக்கூடியவை சில உண்டு. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை எடுத்து, சாலை தானமாக அளிக்கப்பட்டதா என்று பாருங்கள். நாடா ஒன்றை எடுத்து, வாகனங்கள் நிற்கும்போது இரவு பத்து மணிக்கு வழியின் அகலத்தை அளந்து எழுதுங்கள். அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சாலை நிதியைச் சேர்க்கும்படி செயலாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். தனி வைப்புத்தொகை தொடங்கத் தேவையான படிவங்களையும் ஆவணப் பட்டியலையும் எங்கள் கிளைகளில் பெற்றுக்கொள்ளலாம். கடைசி வீட்டு முதியவருக்காக வரும் ஆம்புலன்ஸ், அடுத்த முறை அவர் வீட்டு வாசல் வரை வரட்டும்.